முட்டை வண்டிக்கு மட்டம் பார்த்தது

சகலைக்குத் தர வேண்டியது நாலாயிரத்து அறுநூற்று நாற்பது. அதில் நாலாயிரம், டைல்ஸ் வெட்டும் மெஷின் வாங்கியபோது கைமாற்றாகப் புரட்டியதில் கடைசி மிச்சம். அறுநூற்று நாற்பது, அவ்வப்போது வீட்டுக்கு எடுத்துப்போன முட்டைக்கு. வாங்கிய இருபதாயிரத்தில் பதினாறாயிரத்தை மளமளவென்று அடைத்த மனிதருக்கு இந்தச் சில்லறை மிச்சம் ஒன்றரை வருஷமாகத் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது. முட்டி வலி வந்த பிறகு குந்தி உட்கார்ந்து வேலை செய்ய முடியவில்லை. கிடைத்த கூலி வீட்டு வாடகைக்கும் மருந்துக்கும் சரியாகப் போனது.

கடன் வாங்கியவருக்கு மனைவி வீட்டில் ரசமட்டம் என்று பெயர். டைல்ஸ் ஒட்டும் வேலைக்காரர் எவரும் ரசமட்டம் வைத்திருப்பார்கள், கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி நடுவில் நின்றால் தரை நேர் என்று சொல்லும் அந்தச் சின்னக் கட்டையை. ஆனால் இவர் அதை வேலைக்கு மட்டும் வைத்திருக்கவில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் முதல் வேலையாக அலமாரி மேல் வைத்துப் பார்ப்பார். ஆஸ்பத்திரியில் முட்டியைப் படம் எடுக்கப் படுக்கச் சொன்னபோது, "இந்த மேசை கால்பக்கம் இறங்கியிருக்கு" என்று சொல்லி டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்.

சகலை முட்டை வியாபாரி. மனைவியின் தங்கையைக் கட்டியவர். பண்ணையில் எடுத்து நாற்பது கடைகளுக்குப் போடுகிறார். கடனைக் கேட்கவே மாட்டார். அதுதான் பெரிய இம்சை. கேட்டிருந்தால் ஒரு சண்டை போட்டாவது முடித்திருக்கலாம். அவரோ டீயை ஆற்றிக்கொண்டே, ரொட்டிக் கடைக்காரன் சொன்ன தேதிக்கு டாண் என்று கொடுத்துவிட்டான், மனுஷன் என்றால் அவன்தான் மனுஷன் என்று சுவரைப் பார்த்துச் சொல்லுவார். ரசமட்டத்தின் மனைவிக்குத் தங்கச்சி வீட்டு டீ அதோடு இறங்காது.

அப்படிப்பட்ட சகலை புதிதாக எலக்ட்ரிக் பைக் வாங்கினார். வெறும் வண்டியாக வாங்கினார். பின்னால் மாட்டும் கேரியர், அதன் மேல் முட்டைப் பெட்டி, முன்னால் காற்றுத் தடுப்புக் கண்ணாடி, போன் வைக்கும் தாங்கி, கால் பக்கத்துக் கம்பி, நடு ஸ்டாண்டு எல்லாம் ஷோரூமில் மாட்டினால் கூலியே நாலாயிரத்துக்கு மேல் ஆகும் என்றார்களாம். சாமான்களை மட்டும் பார்சலில் வரவழைத்துவிட்டு ரசமட்டத்துக்குப் போன் போட்டார்.

"நீங்க பொருத்திக் குடுத்துடுங்க சகலை. பாக்கிய இதுலயே நேர் பண்ணிடலாம். பன்னெண்டு அட்டை, முன்னூத்தறுபது முட்டை. ஒண்ணுகூட விரிசல் விடக் கூடாது, அவ்வளவுதான். திங்கக்கிழமை காலைல வண்டி ரோட்ல இருக்கணும்."

ரசமட்டத்துக்கு வண்டியைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. சைக்கிளைத் தாண்டி எதையும் ஓட்டியதில்லை. ஆனால் நட்டும் போல்ட்டும் எங்கேயும் ஒன்றுதானே. சரி என்றுவிட்டார். அன்று அவர் மனைவி இரண்டு தடவை சொன்னாள், இதையாவது சொதப்பாமல் செய்துவிடுங்கள், எனக்குத் தங்கச்சி வீட்டில் நிமிர்ந்து உட்கார வேண்டும் என்று.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் இரண்டு பேரும் போய்ச் சேர்ந்தார்கள். சகலை பழைய வண்டியில் கடைகளுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். புது வண்டியின் சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். வீட்டு முன்பக்கம் தகரக் கூரை போட்ட கொட்டகை. ஒரு பக்கம் காலி முட்டை அட்டைகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. நடுவில் புது வண்டி, பிளாஸ்டிக் உறைகூடக் கிழிக்காமல், சைடு ஸ்டாண்டில் இடப்பக்கமாகச் சாய்ந்து நின்றது.

முதலில் சாவியைப் போட்டுப் பார்த்தார். சத்தமே இல்லை. மறுபடி திருப்பினார். இல்லை. ஓடுகிறதா, செத்துக்கிடக்கிறதா என்று தெரியாமல் கைப்பிடியை லேசாக முறுக்கினார். ஓர் அரவமும் இல்லாமல் சின்னத் திரையில் ஏதோ சிவப்பாக மினுக்கியது. பயந்துபோய்ச் சாவியைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கலவை மெஷினாகட்டும் வெட்டும் மெஷினாகட்டும், அவர் பழகியதெல்லாம் ஊரைக் கூட்டிவிட்டு வேலை செய்யும் ஜாதி. வாயே திறக்காத மெஷினை எதில் சேர்ப்பது என்று விளங்கவில்லை.

பார்சல்களைப் பிரித்தார். அதற்கப்புறம்தான் குழப்பம் சரியாக ஆரம்பித்தது. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு காகிதம், காகிதம் முழுக்கப் படம், படத்துக்குப் பக்கத்தில் கோழி கிறுக்கின மாதிரி எழுத்து. இடது கம்பியும் வலது கம்பியும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. ஒன்றை மாட்டி, கழற்றி, மாற்றி மாட்டி, முதலில் மாட்டியதுதான் சரி என்று கண்டுபிடிக்கவே ஒரு மணி நேரம் ஆயிற்று. கால் கம்பிக்கு வந்த போல்ட்டு கேரியருக்குப் பொருந்தியது. கேரியருக்கு வந்தது எதற்கும் பொருந்தவில்லை. கொழுந்தியாள் டீயோடு வந்து நின்று, "இதெல்லாம் மிச்சமா மாமா?" என்று தரையில் கிடந்ததைக் காட்டினாள். மிச்சமா, இனிமேல் மாட்ட வேண்டியதா என்று அவருக்கே தெரியாததால் தலையைப் பொதுவாக ஆட்டிவைத்தார்.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்குக் குழப்பமே இல்லை. முட்டை போகும் பெட்டி நூல் பிடித்தாற்போல் நேராக இருக்க வேண்டும். அதைச் செய்யத்தான் அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆகவே தரையிலிருந்து ஆரம்பித்தார். கொட்டகைத் தரையில் ரசமட்டத்தை வைத்தார். வாசல் பக்கம் ஒரு நூல் இறக்கம். முன்சக்கரத்தின் கீழ் உடைந்த டைல்ஸ் துண்டு ஒன்றைக் கொடுத்து அதைச் சரிக்கட்டினார். பிறகு கேரியர் மேல் வைத்தார். குமிழி ஒரு கோடிக்கு ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது. இடப்பக்கம் சுத்தமாக இறங்கிக் கிடந்தது.

அவருக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. காசை வாங்கிக்கொண்டு என்ன சாமான் செய்து அனுப்புகிறான் கம்பெனிக்காரன். இரண்டு விரல் கனத்துக்குக் குறைகிறதே. தெருமுனை ஹார்டுவேர் கடைக்குப் போய் நீள போல்ட்டு நாலும் இரண்டங்குல மரக்கட்டை ஒன்றும் வாங்கிவந்தார். கட்டையை இழைத்து, இடப்பக்கம் அண்டக் கொடுத்து, அதன் மேல் பெட்டியை ஏற்றி முடுக்கினார். குமிழி நடுவுக்கு வந்து நின்றது. முன்னால் கண்ணாடியும் அதே லட்சணத்தில் சாய்ந்திருந்தது. அதையும் தாங்கியைத் திருப்பி, வாஷர் கொடுத்து, நேராக்கினார். போன் தாங்கியையும் விடவில்லை. ஒவ்வொன்றிலும் குமிழி நடுவில் நின்றபோது, முட்டி வலி வந்ததிலிருந்து கையில் இல்லாதிருந்த ஏதோ ஒன்று திரும்பி வந்த மாதிரி இருந்தது.

நடு ஸ்டாண்டை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தார். அவர் தொழிலில் அப்படித்தான். தரை முழுக்க ஒட்டி முடித்த பிறகுதான் சுவரோரத்துப் பட்டை. காலடியில் போகிற சமாச்சாரம் கடைசியில்.

மத்தியானம் சகலை வந்தார். வண்டியைச் சுற்றிவந்தார். பெட்டி மேல் ரசமட்டத்தை வைத்துக் காட்டினார் இவர். சகலை நம்பாமல் ஒரு டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி வைத்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை. "கைன்னா இது கை" என்று கொழுந்தியாளைக் கூப்பிட்டுக் காட்டினார். ரசமட்டத்தின் மனைவி அடுப்படிக் கதவில் சாய்ந்து நின்று, ஒன்றும் தெரியாதவள் மாதிரி முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

பிறகு இரண்டு பேரும் படுத்துக் கிடந்து நடு ஸ்டாண்டை மாட்டினார்கள். ஸ்பிரிங் ஒரு தடவை கையைக் கிழித்தது. மாட்டி முடித்து, ஆளுக்கொரு பக்கம் பிடித்து, வண்டியைத் தூக்கி அதில் நிறுத்தினார்கள்.

வண்டி நிமிர்ந்து நின்றது. அதன் மேல் இருந்ததெல்லாம் வலப்பக்கம் சாய்ந்தது.

பெட்டி சாய்ந்திருந்தது. கண்ணாடி சாய்ந்திருந்தது. கழுத்து சுளுக்கிய மனிதன் தோளில் மூட்டையோடு நிற்கிற மாதிரி இருந்தது வண்டி. டம்ளர் எப்போதோ உருண்டுவிட்டது. ரசமட்டம் குமிழியை வைத்துப் பார்த்தார். கோடிக்கு ஓடிற்று, இப்போது எதிர்க் கோடிக்கு. சைடு ஸ்டாண்டில் இறக்கி வைத்துப் பார்த்தார். நடுவில் நின்றது. மறுபடி ஏற்றினார். ஓடிற்று. நாலு தடவை ஏற்றி இறக்கியதில் முட்டி விண்விண் என்று தெறித்தது. அவருக்குத் தலையைச் சுற்றியது. ஒரே பெட்டி, ஒரே போல்ட்டு, ஒரே மட்டம். ஒரு நிமிஷம் நேர், ஒரு நிமிஷம் கோணல். கை போய்விட்டதா, கண் போய்விட்டதா, இத்தனை வருஷம் நம்பிய குமிழியே பொய்யா என்று புரியவில்லை.

சகலை ஏறி உட்கார்ந்து பார்த்தார். கொழுந்தியாள் எதிரே நின்று, நீங்கள்தான் சாய்ந்து உட்காருகிறீர்கள் என்றாள். அவர் மறுபக்கம் சாய்ந்தார். இப்போது அவர் ஒரு பக்கமும் பெட்டி ஒரு பக்கமும் கோணலாக இருப்பதாகச் சொன்னாள். நடு ஸ்டாண்டில் ஒரு கால் குட்டையோ என்று ரசமட்டம் அளந்தார். இரண்டு காலும் ஒரே அளவு. அப்போதுதான் சகலைக்குச் சட்டென்று பிடிபட்டது. வண்டியே கோணல். நெளிந்த வண்டியைத் தலையில் கட்டிவிட்டான் ஷோரூம்காரன்.

போட்டோ எடுத்து அனுப்பினார். பிறகு போனை எடுத்துக்கொண்டு தெருவில் போய் நின்று, அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேட்கும்படி ஷோரூம் மேனேஜர் அம்மாவை ஒரு பிடி பிடித்தார்.

ரசமட்டம் காலி அட்டைக் கட்டு ஒன்றின் மேல் உட்கார்ந்து வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலைச் சாமான் பையிலிருந்து தூக்குக்குண்டை எடுத்தார். நூலில் கட்டிய பித்தளைக் குண்டு, சுவர் செங்குத்தா என்று பார்ப்பது. நடு ஸ்டாண்டில் நின்ற வண்டியின் பின்சக்கரத்துக்கு நேரே தொங்கவிட்டார். நூலும் சக்கரமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இறங்கின, மயிரிழை விலகல் இல்லை. வண்டியைச் சைடு ஸ்டாண்டில் சாய்த்துவிட்டு மறுபடி தொங்கவிட்டார். சக்கரம் ஒரு பக்கம், நூல் ஒரு பக்கம்.

தரை அசையாது. சுவர் அசையாது. அவர் வாழ்க்கையில் மட்டம் பார்த்ததெல்லாம் வைத்த இடத்தில் நிற்கும் சாமான். வண்டி அப்படி இல்லை. நிற்கும்போது சாய்ந்து நிற்கும், ஓடும்போது நிமிர்ந்து ஓடும். சாய்ந்து நின்றதை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் நேராக்கித் தொலைத்திருக்கிறார். நிமிர்ந்தால் கோணாமல் என்ன செய்யும்.

பின்கட்டில் மனைவி பாத்திரம் அலசிக்கொண்டிருந்தாள். மெல்லப் போய்ச் சொன்னார். அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அப்ப வண்டி நேராத்தான் இருக்கா?"

"இருக்கு."

"வேற யாருக்குத் தெரியும்?"

"உனக்கும் எனக்கும்தான்."

அவள் குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டாள். "தண்ணிச் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கல. நீங்களும் சொல்லல" என்று திரும்பிக்கொண்டாள்.

அவர் முன்பக்கம் வந்தார். சகலை சிரித்த முகமாக உள்ளே வந்துகொண்டிருந்தார், போனைக் கையால் பொத்தியபடி. ஷோரூமில் பயந்துவிட்டார்களாம். விஷயத்தைப் பெரிதாக்க வேண்டாம், ஐயாயிரம் திருப்பித் தருகிறோம் என்கிறார்களாம். முதலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இப்போதே கூப்பிடுவார்களாம். ஐயாயிரம் ஐயாயிரம் என்று கையை விரித்துக் காட்டினார்.

ரசமட்டம் மனசுக்குள் கணக்குப் போட்டார். சும்மா இருந்தால் எல்லாருக்கும் லாபம். கடன் போய்விடும், சகலைக்கு ஐயாயிரம் வரும், மனைவி நிமிர்ந்து உட்காருவாள். ஆனால் நாளைக் காலையில் இந்த மனிதர் முன்னூற்றறுபது முட்டையை ஒரு பக்கமாகச் சுமந்துகொண்டு வளைவில் திரும்புவார். முட்டை போகட்டும், எலும்பு போனால்? இன்னொன்றும் இருந்தது. கோணலை நேர் என்று சொல்லி அவர் இரண்டு மூன்று இடத்தில் காசு வாங்கியிருக்கிறார், இல்லை என்று சொல்ல முடியாது. நேரானதைக் கோணல் என்று சொல்லி வாங்கியதில்லை. நாக்கு அதற்கு வளையவில்லை.

"சகலை, வண்டி நேரா இருக்கு. நான்தான் அது சாஞ்சு நின்னப்ப மட்டம் பாத்துட்டேன்."

சகலைக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னார். இன்னும் புரியவில்லை. மட்டம் பார்த்தால் நேராகத்தானே இருக்க வேண்டும், அப்புறம் எப்படி மட்டம் பார்த்ததால் கோணல் என்று கேட்டார் சகலை. கேட்டது நியாயம்தான். மூன்றாவது தடவை சொல்ல ஆரம்பித்து, ரசமட்டத்துக்கே குழம்பிவிட்டது. கடைசியில் சகலையைச் சுவரில் தோளைச் சாய்த்து நிற்கவைத்தார். தலையில் ஒரு காலி முட்டை அட்டையை வைத்து, ஒரு பக்கம் துண்டை மடித்து அண்டக் கொடுத்து, குமிழி நடுவில் நிற்கிறவரை சரிசெய்தார். "இப்ப நிமிந்து நில்லுங்க" என்றார்.

சகலை நிமிர்ந்தார். அட்டை சரிந்து காதோரம் விழுந்தது.

கொழுந்தியாள் சிரித்த சிரிப்பில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். பின்கட்டில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. சகலை சிரிக்கவில்லை. கீழே கிடந்த அட்டையையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தார். சரியாக அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

"வண்டி நேராத்தான் இருக்கும்மா. கோணல் எங்க வீட்ல" என்றார் சகலை.

அந்தம்மாவுக்கு இது ஏதோ பேரம் என்று தோன்றியிருக்கிறது. ஆறாயிரம் என்றாள். வேண்டாம் என்றார். ஏழு, அதற்கு மேல் முதலாளி ஒத்துக்கொள்ள மாட்டார் என்றாள். ஏழு என்று கேட்டதும் சகலை கண்ணை மூடிக்கொண்டார். வேண்டாம் தாயி என்று வைத்தபோது, சொந்தக் காசையே சாக்கடையில் போட்ட முகம் அவருக்கு.

வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றி, எல்லாவற்றையும் கழற்றினார் ரசமட்டம். மரக்கட்டையைத் தூக்கி வாசலுக்கு வெளியே போட்டார். கட்டை இல்லாமல் கம்பெனி போல்ட்டிலேயே பெட்டி அலுங்காமல் உட்கார்ந்தது. காலையில் எதற்கும் பொருந்தாமல் கிடந்தவைதான் அந்த போல்ட்டுகள். சகலை ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தார், கேட்காமலே அடுத்த சைஸைக் கொடுத்தார், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை. வெயில் தாழ்ந்து வருவதற்குள் வேலை முடிந்தது.

பன்னிரண்டு அட்டை ஏற்றினார்கள். சகலை சத்தமில்லாமல் தெருவில் இறங்கிப் போனார். மேடு பள்ளம் உள்ள வழியாக ஒரு சுற்றுச் சுற்றி வருவதாகச் சொல்லியிருந்தார். மற்ற மூன்று பேரும் வாசலில் நின்றார்கள். வண்டி சத்தம் போடாது என்பதால் வருகிறதா இல்லையா என்று காதை வைத்தும் சொல்ல முடியவில்லை. தெருக்கோடியையே பார்த்து நிற்க வேண்டியிருந்தது.

வந்தார். அட்டை அட்டையாக இறக்கிப் பார்த்தார்கள். முன்னூற்று ஐம்பத்தொன்பது நன்றாக இருந்தன. ஒன்றில் மட்டும் மெல்லிசாக ஒரு விரிசல்.

கொழுந்தியாள் அது காலையிலேயே விரிசல் விட்டிருந்தது என்றாள். சகலை, இல்லை, காலையில் நான் பார்த்தேன் என்றார். எந்த அட்டையைப் பார்த்தீர்கள் என்று அவள் கேட்டாள். எல்லா அட்டையையும்தான் என்றார். அது எல்லாவற்றுக்கும் மேலே இருந்த அட்டையா கீழே இருந்ததா என்று அவள் கேட்டதும் அவர் அட்டைகளை மறுபடி புரட்ட ஆரம்பித்தார். ரசமட்டத்தின் மனைவி அந்த முட்டையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அட்டையில் வைத்தாள்.

சகலை உள்ளே போய்க் கடைப் பாக்கி எழுதும் நீள நோட்டைக் கொண்டுவந்தார். அதில் 'அக்கா வீடு' என்று தலைப்புப் போட்டு அரைப் பக்கம் இருந்தது. நோட்டை வண்டி சீட்டின் மேல் வைத்து, நாலாயிரத்து அறுநூற்று நாற்பதின் மேல் பேனாவால் ஒரு கோடு இழுத்தார்.

ரசமட்டத்துக்கு மனசு கேட்கவில்லை. "இது கூலியில கழிச்சதா சகலை, இல்ல பாவம்னு தள்ளிவிட்டதா?"

சகலை பேனா மூடியைத் தேடினார். சட்டைப் பையில் பார்த்தார், வண்டியடியில் பார்த்தார், கிடைக்கவில்லை.

"ஒரு நாள் முழுக்க வேலை செஞ்சிருக்கீங்க. அதுல பாதி, செஞ்சதைக் கழட்டின வேலை. அதை எந்தக் கணக்குல எழுதறதுன்னு எனக்கும் தெரியல. கோடு போட்டாச்சு, விடுங்க."